காசு கொடுத்தவருக்கே பூட்டு: கணினி கேம் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே புகாரைச் சொல்கின்றன: காசு கொடுத்து வாங்கிய கேம் திறக்க மறுக்கிறது. அதனால் பக்கம் முழுவதையும், நகலெடுப்பதைத் தடுக்க கேமோடு சேர்த்து வரும் நகல் பூட்டுக்கே கொடுத்துவிட்டோம்.

கே: 2005 வாக்கில் டிஸ்க்கில் வாங்கிய கார் பந்தய கேமை விண்டோஸ் 11 லேப்டாப்பில், யூஎஸ்பி டிவிடி டிரைவ் வைத்து இன்ஸ்டால் செய்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஐகானை கிளிக் செய்தால் வட்டம் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. எரர் மெசேஜ்கூட வரவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா? (வாசகர், ஈரோடு)

ப: முழுதாக இன்ஸ்டால் ஆகிறது என்றால் டிஸ்க் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பாருங்கள். ஏழு சுழியும் ஒரு ஒன்றும் சேர்ந்த பெயரில் (00000001) ஒரு டிஎம்பி ஃபைலும், 'செக்டிரைவ்' (SECDRV) என்ற பெயரில் ஒரு சிஸ் ஃபைலும் கண்ணில் பட்டால், உங்கள் கேமில் இருப்பது மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் பூட்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, பேட்டில்ஃபீல்டு 1942 என்று அந்தக் காலத்தின் பெரிய கேம்கள் பலவற்றில் இதே பூட்டுதான்.

இந்தப் பூட்டு கேமுக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. செக்டிரைவ் என்ற டிரைவர் வழியாக விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே வேலை செய்தது. அந்த டிரைவரில் 2007-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண யூசராக நுழைந்த ஒருவர் அதன் வழியே கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் இந்த டிரைவரைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கேபி 3086255 என்ற அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8, 8.1 ஆகியவற்றிலும் அதை அணைத்துப்போட்டது. டிரைவர் இல்லாததால் கேம் டிஸ்க்கைச் சோதிக்க முடியாமல் சத்தமின்றி மூடிக்கொள்கிறது. விண்டோஸ் எடுத்த முடிவில் தவறு காண முடியாது. கேம் விற்றவர்கள்தான் பூட்டை நீக்கும் ஒரு பேட்சை, அதாவது திருத்தத்தை, வெளியிட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் செய்யவில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அதே கேம் டிஜிட்டல் கடைகளில் மறுபடி வெளிவந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அப்படி 2013-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் புதிதாக வந்தது. கார் கேம்களில் இந்த அதிர்ஷ்டம் குறைவு. கார் நிறுவனங்களின் உரிமமும் பாட்டு உரிமமும் காலாவதியாகிவிட்டால் மறுவெளியீடு சிக்கலாகிவிடும். அடுத்து, தயாரிப்பாளரின் கடைசி அதிகாரபூர்வ பேட்சின் குறிப்பில் 'டிஸ்க் தேவையில்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 பெட்டியை இறக்குங்கள். விண்டோஸ் 7-இல் அந்த அப்டேட் ஏறியிருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்சி என்ற கட்டளையால் செக்டிரைவ் டிரைவரின் தொடக்க முறையை 'டிமாண்ட்' ஆக மாற்றி, அதே கட்டளையால் ஸ்டார்ட் கொடுங்கள். 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஒட்டிச் சமக்குறி, சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி, அதன்பின் 'டிமாண்ட்'. அந்த இடைவெளி விட்டுப்போனால் கட்டளை வேலை செய்யாது. ஆடி முடித்ததும் ஸ்டாப் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் இணையம் வேண்டாம்.

விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், எக்ஸ்பி போடுவது 2டி வியூக கேம்களுக்குச் சரிப்படும். 3டி கார் பந்தயத்துக்கு கிராஃபிக்ஸ் வேகம் போதாது. டிரைவர்களின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் பார்க்கும் சோதனையை அணைத்துவிட்டு, எங்கோ இறக்கிய பழைய செக்டிரைவ் ஃபைலை விண்டோஸ் 11-இல் ஏற்றச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். ஒரு கேமுக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம்.

கே: டிஸ்க்கில் கீறல் விழுமுன் அதை ஒரே ஃபைலாக, ஐஎஸ்ஓ காப்பி எடுத்து வைத்தேன். மவுண்ட் செய்து ஓட்டினால் 'ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவும்' என்கிறது. காப்பியில் எல்லா ஃபைலும் இருக்கிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

ப: ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. பூட்டு தேடும் பொருள் ஃபைல்களில் இல்லை. சிடியின் ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு, பிழைதிருத்தத் தகவலை விட்டுவிடும். ஒவ்வொரு செக்டாரோடும் சேர்ந்து வரும் 96 பைட் சப்சேனலும் அதில் வராது. சேஃப்டிஸ்க் வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டார்களை டிஸ்க்கில் பதித்து வைத்து, 'இங்கே பிழை வருகிறதா?' என்று சோதிக்கும். பிழை வந்தால்தான் அசல்! ஐஎஸ்ஓவில் அந்த இடம் சுத்தமாக இருப்பதால் மாட்டிக்கொள்கிறது. சோனி டிஏடிசியின் செக்யூரோம் என்ற பூட்டு பிற்காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், தரவு டிஸ்க்கில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையே படிக்கும் நேரத்தை வைத்து அளந்தது. வீட்டு ரைட்டரால் அந்த அமைப்பைத் திரும்ப உருவாக்குவது கடினம்.

எம்டிஎஸ், எம்டிஎஃப் என்ற இரட்டை ஃபைல் வடிவம் இந்த அளவுகளையும் சேர்த்துப் பதிவு செய்யக்கூடியது. ஆனால் சில பூட்டுகள் டீமன் டூல்ஸ் போன்ற விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் கம்ப்யூட்டரில் இருப்பதைக் கண்டாலே கேமைத் தொடங்காது. ஒரு கட்டத்தில் செக்யூரோம், மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியான பிராசஸ் எக்ஸ்புளோரர் திறந்திருந்தாலும் முரண்டு பிடித்தது. 'செக்யூரிட்டி மாட்யூலை இயக்க முடியவில்லை' என்ற செய்தி வந்தால் இப்படிப்பட்ட கருவிகளை மூடிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கே: பேக்கப் எடுப்பது சட்டப்படி குற்றமா? (வாசகர், மதுரை)

ப: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பேக்கப் எடுப்பதை அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. 'மீறும் நோக்கத்தோடு' என்பதுதான் அங்கே முக்கியமான சொல். சொந்தப் பெட்டியில் ஒரு பேக்கப் வைத்திருப்பதும், அதைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

கே: டிஸ்க் இல்லாமல் ஆட, தயாரிப்பாளரே வழி காட்டிய கேம் ஏதாவது உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

ப: உண்டு. நல்ல உதாரணம் ஸ்டார்கிராஃப்ட். பிளிசார்ட் 2008-இல் 1.15.2 பேட்சில் டிஸ்க் சோதனையை எடுத்தது. செய்முறை இதுதான்: பேட்சைப் போடுங்கள். ஸ்டார்கிராஃப்ட் டிஸ்க்கில் உள்ள இன்ஸ்டால் என்ற எக்ஸ்இ ஃபைலை, கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் காப்பி செய்து, ஸ்டார்கிராஃப்ட் என்று பெயர் மாற்றி, எக்ஸ்இ என்ற பின்னொட்டுக்குப் பதில் எம்பிக்யூ என்று போடுங்கள். அதன் கூடுதல் பகுதியான புரூட்வார் டிஸ்க்கிலும் இதையே செய்து புரூட்வார் என்று பெயரிடுங்கள். அவ்வளவுதான். விண்டோஸில் பின்னொட்டுகளை மறைக்கும் வசதி ஆன் ஆகி இருந்தால், பெயர் மாற்றிய பிறகும் ஃபைல் உண்மையில் எக்ஸ்இ ஆகவே இருக்கும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். அதே 2008-இல் டயாப்லோ 2-க்கு 1.12, வார்கிராஃப்ட் 3-க்கு 1.21பி பேட்சுகளும் டிஸ்க்கை விடுவித்தன. ஸ்டார்கிராஃப்ட் 2017 ஏப்ரலிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. டிஸ்க்கே வேண்டாம்.

கே: பெட்டியில் 'ஆக்டிவேஷன் 3 முறை மட்டும்' என்று இருக்கிறது. விண்டோஸை மறுபடி போட்டால் ஒரு முறை போய்விடுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: போகும் வாய்ப்பு அதிகம். ஹார்டுவேர், விண்டோஸ் விவரங்களைக் கலந்து எடுக்கும் ஓர் எண்தான் இந்தப் பூட்டுக்கு உங்கள் கம்ப்யூட்டர். மதர்போர்டை மாற்றினாலோ ஃபார்மட் செய்தாலோ அந்த எண் மாறி, 'புது ஆள்' ஆகிவிடுவீர்கள். எனவே ஃபார்மட்டுக்கு முன்பே கேமின் டீஆத்தரைஸ் கருவியை ஓட்டி, ஒரு ஆக்டிவேஷனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் செத்த பிறகு அந்தக் கருவியால் பயனில்லை. அதனால் புது டிரைவ் வாங்கும் எண்ணம் வந்த அன்றே செய்துவிடுவது நல்லது. கேமை அன்இன்ஸ்டால் செய்தால் தானே திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம். எல்லா கேமும் அப்படிச் செய்யாது.

2008-இல் ஸ்போர் கேம் இப்படி 3 முறை கட்டுப்பாட்டோடு வந்து, அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களால் மூழ்கிய பிறகு 5 ஆக உயர்த்தப்பட்டது. 2007-இல் வந்த பயோஷாக் முதலில் 2 முறை என்று தொடங்கி, 5 ஆகி, அடுத்த ஆண்டு கட்டுப்பாடே நீங்கியது. ஆக, முதலில் கேமின் கடைசி பேட்சைத் தேடுங்கள். எண்ணிக்கைக் கட்டுப்பாடே போயிருக்கலாம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2010-இல் வந்த டிரான்: எவல்யூஷன் கேமின் செக்யூரோம் உரிமம் 2019-இல் காலாவதியாக, வாங்கியவர்களாலேயே அதைத் திறக்க முடியாமல் போனது. டிஸ்க், சீரியல் நம்பர், பில் எல்லாம் கையில் இருக்கும். பூட்டின் மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கே: ஸ்டீம் டெக்கில் ஒரு புது கேம் சரியாக ஓடவில்லை என்று புரோட்டான் வெர்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறது. என்ன பிழை செய்தேன்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: பிழை ஒன்றும் செய்யவில்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்தான் புரோட்டான். அதை மாற்றியதை, கம்ப்யூட்டர் மாற்றியதாக கேமில் உள்ள டெனுவோ என்ற பூட்டு எண்ணிக்கொண்டது. முதல் முறை திறக்கும்போது கேம் உங்கள் கணினி விவரத்தை சர்வருக்கு அனுப்பி ஓர் அனுமதிச் சீட்டு வாங்குகிறது. புரோட்டான் வெர்ஷன் மாறினால் கேமின் கண்ணுக்கு அது வேறு கணினி, வேறு சீட்டு. ஒரு நாளைக்கு 5 கணினி என்பது வழக்கமான வரம்பு. ஐந்து புரோட்டான் முயன்றால் தீர்ந்தது. 24 மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரீஇன்ஸ்டால் செய்வது வீண்.

அடுத்த முறை, எந்த வெர்ஷனில் நன்றாக ஓடுகிறது என்று முன்பே விசாரித்துவிட்டு, கேமின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுக் கை வைக்காமல் விடுங்கள். இன்னொன்று: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆடிய கணக்கில்தான் சேரும். எரர் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தீர்வு தேடாதீர்கள்.

கே: இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசசரில் ஒரு பழைய கேம் பாதியில் மூடிக்கொள்கிறது. இதற்கும் பூட்டுதான் காரணமா? (வாசகர், திருச்சி)

ப: இருக்கலாம். 2021 நவம்பரில் வந்த அந்த பிராசசர்களில் பெரிய பி கோர், சிறிய இ கோர் என்று இரண்டு வகை. கேமின் ஒரு பகுதி இ கோருக்கு நகரும்போது, 'கணினி மாறிவிட்டது' என்று சில பூட்டுகள் தவறாக நினைத்தன. பெரும்பாலான கேம்கள் பிறகு சரிசெய்யப்பட்டுவிட்டன. எனவே முதலில் கேமையும் விண்டோஸையும் அப்டேட் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் பயாஸுக்குள் சென்று லெகசி கேம் கம்பாட்டிபிலிட்டி மோடை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் வந்தபின், கேமைத் திறப்பதற்கு முன் கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் பட்டனை அழுத்தினால் இ கோர்கள் ஓய்வுக்குப் போகும். ஆடி முடித்ததும் மறுபடி அழுத்துங்கள். யாரும் தொடாத அந்தப் பட்டனுக்கு ஒரு வேலை கிடைத்தது. மதர்போர்டில் அந்த வசதி இல்லையென்றால் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள்.

கே: டெனுவோவால் கேம் வேகம் குறைகிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

ப: ஒரே வரியில் முடியாது. பூட்டை எங்கே பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. மெனு திறக்கும்போது ஒரு முறை சோதித்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நொடிக்குப் பல முறை ஓடும் பகுதியில் சோதனையைச் செருகினால் திக்கும். 2021-இல் ரெசிடன்ட் ஈவில் வில்லேஜ் கேம் சில சண்டைக் காட்சிகளில் திக்கியது. பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியில் அந்தத் திக்கல் இல்லை என்று தெரிந்த பிறகு, கேப்காம் பேட்ச் வெளியிட்டுச் சரிசெய்தது. காசு கொடுத்தவர் பெற்றது மட்டமான பிரதி என்பது வெட்ட வெளிச்சமானது அப்போதுதான். அவசரமில்லை என்றால் காத்திருங்கள். விற்பனையின் முதல் மாதங்கள் போனபின் பல நிறுவனங்கள் பூட்டைக் கழற்றிவிடுகின்றன. 2016 மே மாதம் வந்த டூம், அந்த டிசம்பரிலேயே டெனுவோவை விட்டது.

கே: ஹாஸ்டலில் நெட் வராது. ஊரிலிருந்து லேப்டாப்பைக் கொண்டுபோகும் முன் என்ன செய்துகொள்ள வேண்டும்? (வாசகர், விழுப்புரம்)

ப: கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் இவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட், கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் பூட்டு மறுபடி அனுமதி கேட்கலாம். ஸ்டீமில் பாஸ்வேர்டை நினைவில் வைக்கும் டிக்கைப் போட்டு உள்நுழையுங்கள். கேமின் அப்டேட் முழுதாக இறங்கட்டும். கேமைத் திறந்து மெயின் மெனு வரை போய், ஒரு நிமிடம் ஆடி, சேவ் செய்து மூடுங்கள். மெனு வராமல் மூடினால் அனுமதிச் சீட்டு வந்திருக்காது. கேம் யூபிசாஃப்ட் கனெக்ட், ஈஏ ஆப் போன்ற இரண்டாவது லாஞ்சரைத் திறக்கும் வகை என்றால் அதிலும் உள்நுழைந்து வையுங்கள். பிறகு ஸ்டீம் மெனுவில் கோ ஆஃப்லைன். கடைசியாக வைஃபையை அணைத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கேம் திறக்கிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். இந்தச் சோதனையை விட்டவர்கள்தான் ஹாஸ்டலிலிருந்து நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

எப்போதும் ஆன்லைனில் இருக்கவேண்டிய கேம்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. 2012 மே மாதம் டயாப்லோ 3 வெளியான அன்று 'எரர் 37'-ஐப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கும், 2013 மார்ச்சில் சிம்சிட்டி வரிசையில் காத்துக் கிடந்தவர்களுக்கும் நெட் நன்றாகவே இருந்தது. சர்வர்தான் இல்லை. தனியாக ஊர் கட்டும் விளையாட்டான சிம்சிட்டிக்கு ஆஃப்லைன் மோட் வர ஓராண்டு ஆனது.

கே: பூட்டை உடைக்கும் கிராக் போட்டால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லையே? (வாசகர், பெயர் ஊர் வேண்டாம்)

ப: வேறு தொல்லை. கிராக் ஃபைலை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்பார்கள். உள்ளே வைரஸ் இருந்தாலும் கேட்பது இதே இரண்டைத்தான். எது எது என்று உங்களால் பிரித்தறிய முடியாது. கேம் எழுதியவருக்குக் காசு போகாது என்பதும் இருக்கிறது. பூட்டு பிடிக்கவில்லை என்றால் பூட்டே இல்லாமல் விற்பவரிடம் வாங்குங்கள்.

போலந்தின் சிடி புராஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் தனியாக ஆடும் கேம்கள் பூட்டில்லாமல் கிடைக்கின்றன. வாங்கியதும் லைப்ரரியில் கேமைத் திறந்து, ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர் என்ற பகுதியிலிருந்து இறக்குங்கள். பெரிய கேம் என்றால் ஒரு எக்ஸ்இ ஃபைலும், ஒவ்வொன்றும் 4 ஜிபி வரை உள்ள, 'பின்' (bin) என்ற பின்னொட்டு கொண்ட பல ஃபைல்களும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒரு ஃபைல் குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். பேட்சுகளும் கூடுதல் பகுதிகளும் தனித்தனி ஃபைலாக இருந்தால் அவற்றையும் மறக்காதீர்கள். வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டு, நெட்டைத் துண்டித்து ஒரு முறை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

ஸ்டீமில் வாங்குவதாக இருந்தால் கேமின் பக்கத்தில் வலது ஓரத்தைப் படியுங்கள். டெனுவோ, 'ஒரு நாளைக்கு 5 கணினி', வெளி லாஞ்சர், தனிக் கணக்கு என்று அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

கே: 'வாங்கு' என்று பட்டனில் போட்டுவிட்டு, பிறகு பிடுங்கிக்கொள்ள முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பிடுங்கியிருக்கிறார்கள். 2014 டிசம்பரில் வந்த தி க்ரூ கார் கேமைப் பெரும்பாலும் தனியாகவே ஆடலாம் என்றாலும், சர்வர் இல்லாமல் அது திறக்காது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியது. அடுத்த மாதம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அதன் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது. யூபிசாஃப்ட்டும் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் மோட் தருவதாக 2024-இல் அறிவித்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்டிராவிட்டால் அதுவும் வந்திருக்காது.

கே: ரிச்சி தெருவில் பழைய பிசி கேம் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், ஆவடி)

ப: டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஸ்டீம் கணக்கு தேவை', 'ஆக்டிவேஷனுக்கு இணையம் தேவை' என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சாவி முதல் ஆளின் கணக்கில் ஒட்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் கேம் சேவையான 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' முத்திரை இருந்தாலும் யோசியுங்கள். எக்ஸ்லைவ் டிஎல்எல் இல்லை என்ற எரர் வரும். அந்தச் சேவையின் கடை 2013-லேயே மூடப்பட்டது. புது சாவி உருவாக்க முடியாமல் ஜிடிஏ 4 கேமே 2020-இல் ஸ்டீமிலிருந்து சில மாதம் காணாமல் போய், லைவ் நீக்கப்பட்டு, மல்டிபிளேயர் இல்லாமல்தான் திரும்பியது. இவை எதுவும் இல்லாமல் 'சிடி கீ' மட்டும் உள்ள டப்பா, கீ அச்சடித்த ஸ்டிக்கரோடு, விண்டோஸ் 7 பெட்டிக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். டிஸ்க்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். லேபிள் பக்கத்தில் ஊசி முனை அளவு ஒளி தெரிந்தால் அந்த இடத்தில் தரவு அழிந்துவிட்டது.